தேதி மாறாது, அளவு மாறலாம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் நேரம் ஆலையின் உடைமை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிசான், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் பெருகின. இங்கே வேலை பார்ப்பவர்களின் நாள் கம்பெனி பஸ்ஸில் தொடங்கிக் கம்பெனி பஸ்ஸில் முடிகிறது. லைனில் வண்டி தம் இடத்தைக் கடப்பதற்குள் உரிய போல்ட்டை முடுக்கியாக வேண்டும். ஒருவர் பிந்தினால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிற்க வேண்டிவரும். இப்படி நொடிக் கணக்கில் உழைத்துவிட்டு அறைக்குத் திரும்புகிறவர், ஆசைக்காக ஒரு கவசமோ கிரீடமோ வாளோ செய்யத் தொடங்கினால், அதற்கும் கெடு வைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்தக் கெடுவை ஆலையின் கெடுவைப் போல நடத்தக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நான் சொல்ல வருவது.

வேஷம் கட்டும் ஆசை நம் மண்ணுக்குப் புதிதில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து காளி, குறவன், குறத்தி, ராஜா, குரங்கு என்று ஆயிரக்கணக்கானோர் வேஷம் கட்டுகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அது நேர்த்திக்கடன், பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சடைமுடி செய்வதற்கும் கூடுதல் கைகளைப் பொருத்துவதற்கும் தேவைப்படும் கைவேலையும் நாள்கணக்கும் எல்லா வேஷத்துக்கும் பொதுதான். காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்களில் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் எடை குறைந்த மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் அணிந்து விடிய விடிய ஆடுகிறார்கள். இந்த வரிசையில் கடைசியாக வந்திருப்பது காஸ்ப்ளே. 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தபோது, படக்கதை, அனிமே, சினிமா பாத்திரங்களின் உடையைத் தாங்களே செய்து அணிந்த இளைஞர்கள் திரண்டார்கள். மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நாளைக் குறிப்பது வேஷம் கட்டுபவர் இல்லை. நம் பசை காயவில்லை என்பதற்காகச் சூரசம்ஹாரம் தள்ளிப்போகாது.

அப்படித் தள்ளிப்போகாத ஒரு நாள் இல்லாவிட்டால் இந்தக் கைவேலை முடிவதே இல்லை. கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொண்டே போகும் என்று பார்க்கின்சன் என்பவர் 1955இல் எழுதியது அலுவலகங்களைப் பற்றி. தலைக்கவசம் செய்பவருக்கும் அது அப்படியே பொருந்தும். பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பட்டி பூசினால் முன்னைவிடக் கொஞ்சம் வழவழப்பாகும். அதற்கு மேலும் தேய்க்கலாம். எங்கே நிறுத்துவது என்பதைப் பொருள் சொல்லாது, நாள்தான் சொல்லும். நாள் இருந்தால்தான் எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பார்க்கும் கட்டாயம் வரும். அந்தத் தேர்வுதான் கலை. கட்டிலுக்கடியில் பாதியில் கிடக்கும் கவசம் யாருக்கும் எதையும் கற்றுத் தராது. அணிந்து நடந்து பார்த்த கவசமோ, தோள்பட்டை எங்கே உரசுகிறது, எந்த வார் அறுகிறது என்பதை ஒரே பகலில் சொல்லிவிடும்.

ஆனால் நாள் மட்டும் போதாது, ஏனென்றால் நம் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும். கனடாவில் ஆய்வேடு எழுதிய மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். 1994இல் வெளியான அந்த ஆய்வில், எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று அவர்களே சொன்ன கணக்குக்குள்கூடப் பாதிப்பேர் முடிக்கவில்லை. வேஷம் செய்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதர் வேகமாக வேலை செய்யலாம், பொருள் செய்யாது. ஃபோம் ஷீட்டை ஒட்டும் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத்தான் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டுச் சேர்த்தால் ஈரம் உள்ளேயே தங்கி, மறுநாள் வெயிலில் மூட்டு வாய் பிளக்கும். பிப்ரவரி விழாவுக்கான வேலை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் நடக்கும். அந்த ஈரக்காற்றில் பெயின்ட் காய இன்னும் நேரமாகும். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, ஜன்னலை மூடிக்கொண்டு கடைசி இரவில் இதையெல்லாம் செய்பவர் கெடுப்பது வேலையை மட்டுமல்ல. அந்தப் பசையின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பகல் முழுவதும் டார்கெட்டுக்கு ஓடுகிறவருக்கு அறையிலாவது கடிகாரம் இல்லாத இடம் வேண்டாமா? நியாயமான கேள்வி. ஆலை நேரத்தின் சுமை இங்கே கற்பனை இல்லை. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. அரசு அதைத் திரும்பப் பெற்றது. தொழிலாளர் போராடிக் காத்த மணி நேரங்களை ஒருவர் தாமாகவே அறைக்குள் இன்னொரு லைனாக ஆக்கிக்கொள்வது துயரம்தான். ஆனால் ஆலையில் உறுத்துவது கெடு மட்டும் அல்ல. எத்தனை என்பதையும் எப்போது என்பதையும் இன்னொருவர் தீர்மானிக்க, இரண்டுக்கும் நடுவில் மனிதர் நசுங்குகிறார். வேஷத்தில் எப்போது என்பது மட்டுமே வெளியிலிருந்து வருகிறது; எவ்வளவு என்பது முழுக்க நம் கையில். முழுக் கவசத்துக்கு நாள் போதாவிட்டால் மார்புக் கவசமும் தலைக்கவசமும் போதும். இறக்கை இல்லாமலும் பாத்திரம் பாத்திரம்தான். பகலில் கிடைக்காத அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் தூக்கத்தை வெட்டுகிறவர், ஆலை கேட்காததையும் ஆலைக்குரிய முறையிலேயே கொடுக்கிறார்.

அளவைக் குறைத்தால் கலை குறையாதா, விழாவில் நடக்கும் வேஷப் போட்டியில் பரிசு போய்விடாதா என்று கேட்கலாம். ஒரு முறை போகலாம். ஆனால் இந்த நாட்கள் திரும்பி வருபவை. கூத்துக் கலைஞரின் கிரீடம் ஓர் இரவுக்காகச் செய்யப்பட்டதல்ல. பழுது பார்த்து, வண்ணம் புதுப்பித்து, பருவத்துக்குப் பருவம் ஆடப்படுவது. தசராவுக்கு ஆண்டுதோறும் வேஷம் கட்டுகிறவரும் போன ஆண்டுப் பொருளின் மேல்தான் இந்த ஆண்டு கூட்டுகிறார். இந்த ஆண்டு தலைக்கவசம், அடுத்த ஆண்டு தோள், அதற்கடுத்து இறக்கை என்று வளர்வது தோல்வி ஆகாது. இந்தக் கைவேலை நம் ஊரில் என்றும் வளர்ந்த விதமே அதுதான். ஓவர்டைம் ஓயாததால் சென்னை விழாவை எட்டவே முடியாதவர்களுக்கு ஆயுத பூஜை இருக்கிறது, ஹாஸ்டல் பொங்கல் இருக்கிறது. தாமே குறித்த நாளும் பயன்படும். மாணவர்களை வைத்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசியில் ஒரே ஒரு கெடு மட்டும் இருந்தவர்களைவிடத் தாமே இடையிடையே கெடு வைத்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள்; சீரான இடைவெளியில் பல கெடுக்கள் தரப்பட்டவர்கள் அவர்களையும் மிஞ்சினார்கள்.

ஆகவே வேஷம் கட்ட நினைப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விழா நாளைச் சுவரில் எழுதுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் கடைசிப் பெயின்ட் என்று எழுதுங்கள். மழைக்காலம் முடிவதற்குள் வெட்டலும் ஒட்டலும் என்று எழுதுங்கள். எதை விட்டுவிட்டாலும் பாத்திரம் அடையாளம் தெரியுமோ அதையெல்லாம் தனிப் பட்டியலாக்கி, ஒவ்வொரு கெடுவிலும் பிந்தினால் அதிலிருந்து ஒன்றை அடித்துவிடுங்கள். தூக்கத்தை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.