பரிவும் பற்றும்

விடியற்காலையில் கோழிக்கூட்டின் கதவைத் திறக்கும் கைக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு. ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறவைகள் வெளியே ஓடிவரும். காலடியில் சூழ்ந்து நின்று தீனி கேட்கும். ஒரு நாள் ஒரு கோழி மட்டும் சிறகுகளைத் தொங்கவிட்டு, கண்களை மூடியபடி மூலையிலேயே நிற்கிறது. மறுநாள் இரண்டு. வெண்மையும் பச்சையும் கலந்த கழிச்சல், மூச்சுத் திணறல், முறுக்கிக்கொள்ளும் கழுத்து. ஒரு வாரத்திற்குள் கூடு வெறுமையாகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு வளர்த்த இல்லத்தரசி திண்ணையில் அமர்ந்து அழுகிறாள். “ஒரு கோழிக்காகவா இத்தனை கண்ணீர்?” என்று அக்கம்பக்கத்தார் வியக்கின்றனர். நம் நாட்டின் எந்தக் கிராமத்திலும் காணக்கூடிய காட்சி இது.

அவர்களது கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அறவாழ்வின் பழம்பெரும் சிக்கல் ஒன்று அதனுள் அடங்கியுள்ளது. அன்பு செலுத்தினால் துயரம் வரும். துயரத்தைத் தவிர்க்க வேண்டுமானால் அன்பையே தவிர்க்க வேண்டுமா?

இதற்கு உலகம் இரண்டு விடைகளைத் தருகிறது. “பறவைதானே, சந்தையில் வேறு வாங்கிக்கொள்ளலாம்” என்பது ஒன்று. இழந்தது வெறும் பொருளாக இருந்தால் இது சரியே. ஆனால் அவள் இழந்தது, தன் குரலைக் கேட்டு ஓடிவந்த ஓர் உயிரை. “பற்றே துன்பத்திற்கு வேர், அதை விட்டுவிடு” என்பது மற்றொரு விடை. இது உயர்ந்த தத்துவம்தான். எனினும், அழுபவரின் முன் அவசரமாக உச்சரிக்கப்படும்போது, தத்துவத்தின் ஆடையை அணிந்த கல்நெஞ்சமாக அது மாறிவிடக்கூடும்.

பரதன் செய்த பிழை

பாகவதத்தில் வரும் பரத மன்னனின் கதையை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருத்தம். அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் புரிந்த அவன், சிங்கத்தின் கர்ஜனையால் அஞ்சிய தாய்மானிடமிருந்து நீரில் நழுவி விழுந்த குட்டியைக் காப்பாற்றினான். அதனை வளர்த்தான்; நாளடைவில் அதன் நினைவிலேயே மூழ்கினான். வழிபாடும் தவமும் நின்றன. மானையே நினைத்து இறந்து, மானாகவே பிறந்தான்.

மான்குட்டியின்மீது இரக்கம் காட்டியதே பிழை என்று இக்கதையை விளக்குபவர்கள் உண்டு. அவ்விளக்கம் முழுமையானதன்று. வெள்ளத்தில் தத்தளித்த உயிரைக் கண்டும் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தால், அது தவமாகுமா? குட்டியை மீட்டது பரிவு. ‘இது என்னுடையது, இதுவின்றி நானில்லை’ என்று அதில் தன்னைக் கட்டிக்கொண்டது பற்று. இரண்டும் ஒரே நெஞ்சில் தோன்றுவதால் ஒன்றுபோலவே தெரிகின்றன. பரிவின் பார்வை எதிரிலுள்ள உயிரின் தேவையில் நிற்கும். பற்றின் பார்வை ‘எனக்கு என்ன நேரும்’ என்ற அச்சத்தில் நிற்கும்.

நோய் வைக்கும் தேர்வு

இவ்வேறுபாடு நோய்க்காலத்தில்தான் வெளிப்படுகிறது. கோழிகளை வீழ்த்தும் வெள்ளைக்கழிச்சலுக்கு, இன்று உத்தராகண்டிலுள்ள ராணிகேத் நகரின் பெயரால் ‘ராணிகேத் நோய்’ என்ற பெயரும் உண்டு. நச்சுயிரியால் வரும் இந்நோயை, வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் தடுக்க இயலும். அதே மலைப்பகுதியிலுள்ள முக்தேஸ்வரத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் இதற்கான தடுப்பூசி வகை ஒன்று உருவாயிற்று. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் ஓர் ஊசி என்பது பொதுவான முறை. தடுப்பூசி நோயற்ற பறவைக்கே இடப்படுவது. அதாவது, கண்ணீருக்குக் காரணம் ஏதும் இல்லாத நாளில் செய்ய வேண்டிய கடமை அது.

நோய் வந்துவிட்டாலோ, பரிவு கடினமான செயல்களைக் கேட்கிறது. நலிந்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கும் அதே கையால் தீனி இடுவது அன்பாகத் தோன்றும். உண்மையில் அது நோயைக் கூடு முழுவதும் பரப்பும். நலிந்ததைத் தனியே பிரிக்க வேண்டும். இறந்ததைச் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடமும் அண்டை வீட்டாரிடமும் செய்தியை மறைக்கலாகாது. எஞ்சியவற்றையாவது காசாக்கிவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் எழும்போது, அந்நோய் இன்னொருவரின் கூட்டுக்குள் நுழையப்போவதை நினைக்க வேண்டும். தன் கோழிகளுக்காக அழுபவரின் அன்பு, அண்டை வீட்டுக் கோழிகளையும் காக்குமானால் அது பரிவு. தன் வேலியோடு நின்றுவிடுமானால் அது பற்று.

வங்கத்தின் முற்றங்கள்

இதனினும் கடுமையான சோதனை 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் நேர்ந்தது. பீர்பூம், தெற்கு தினாஜ்பூர் மாவட்டங்களில் தொடங்கிய பறவைக் காய்ச்சல் 13 மாவட்டங்களுக்குப் பரவியது. ஏறத்தாழ 40 லட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஏழை வீட்டு முற்றங்களில் வளர்ந்தவை. முட்டை விற்ற காசே எண்ணெய்க்கும் உப்புக்கும் குழந்தைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆதாரமாக இருந்த குடும்பங்கள் அவை. அரசு இழப்பீடு அளித்தது. எனினும் பலர் தம் கோழிகளை மறைத்துவைத்தனர்.

மறைத்தவர்களைப் பழிப்பது எளிது. வறுமையும் அன்பும் சேர்ந்தே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டின. ஆயினும், குழந்தைகள் உறங்கும் அறையிலேயே நோயுற்ற பறவையை மறைத்தால் என்ன விளையும்? 2021-இல் இந்நச்சுயிரியால் நம் நாட்டில் ஒரு சிறுவன் உயிரிழந்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நலமாக நின்ற கோழியையும் ஊரின் நலத்துக்காகக் கையளித்த தாய்மார்களின் செயல், பற்றை வென்ற பரிவு. அவர்களது வலியை எந்தத் தத்துவமும் முற்றிலும் ஆற்றிவிடாது. ஆற்றிவிட்டதாகச் சொல்வதும் நேர்மையாகாது. கடமை சரியானதாக இருக்கும்போதே கண்ணீரும் வரலாம். கண்ணீர் வருவதால் கடமை தவறாகிவிடுவதில்லை.

வெறுமையான கூட்டின் முன்

இழப்புக்குப்பின் எஞ்சுவது பெரும்பாலும் குற்ற உணர்வு. ‘முன்பே கவனித்திருக்கலாமே’ என்று மனம் குத்திக்காட்டும். இவ்வுணர்வும் இருவகைப்படும். தன்னையே திரும்பத் திரும்பக் கடிந்துகொள்வது பற்றின் மற்றொரு வடிவம். அங்கும் ‘நான்’தான் நடுவில் நிற்கிறது. ‘அடுத்தமுறை இதைச் செய்வேன்’ என்று முடிவெடுத்து எழுவது பரிவு.

நோய் வந்த கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, சில வாரங்கள் வெறுமையாகவே விட்டுவைக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் கூறும் விதி. அது நோய்க்கிருமிகள் அழிவதற்கான காலம். துயரத்துக்கும் அத்தகைய காலம் தேவை. உடனே வேறு கோழிகளை வாங்கி நிரப்பிவிடத் துடிக்கும் மனம், இழந்ததற்கு உரிய மதிப்பைத் தருவதில்லை. இனி எதையும் வளர்ப்பதில்லை என்று சபதமிடும் மனமோ, அடுத்த துயரத்துக்கு அஞ்சி அன்பின் கதவையே அடைத்துவிடுகிறது.

காத்திருந்தபின் ஒரு நாள் அம்முற்றத்தில் மீண்டும் குஞ்சுகள் கீச்சிடுகின்றன. இவையும் நிலையானவையல்ல என்பதை அவள் இப்போது நன்கு அறிவாள். அறிந்தே, முதல் வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றையும் கையில் ஏந்தி, கண்ணில் ஒரு சொட்டு மருந்தை விடுகிறாள்.