ஒரே நோய், மீட்சி வேறு வேறு



பக்கவாதம் தாக்கிய இருவருள் ஒருவர் மூன்று திங்களில் எழுந்து நடக்கிறார். மற்றொருவர் ஆண்டுகள் கழிந்தும் படுக்கையில் இருக்கிறார். காண வருவோர், "எல்லாம் முன்வினை" என்று கூறி அகன்றுவிடுகின்றனர். நோயாளியின் செவியில் விழும் அச்சொல் நோயினும் கொடியது.

அசாதாவேதனீய வினை துன்பம் தரும் என்பது உண்மையே. ஆயினும், வினை பயன் தருவதற்குப் பொருள், இடம், காலம், மனப்பான்மை என்னும் நான்கும் துணைக்காரணங்களாம் என்பது நம் ஆன்றோர் கொள்கை. இந்நான்கையும் கொண்டு இந்நோயை ஆராய்வோமாக.

முதலாவது, பொருள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுதல் ஒரு வகை. வெடித்துக் குருதி கசிதல் மற்றொரு வகை. சேதமுற்ற பகுதியின் அளவு, நோயாளியின் வயது, முன்னரே உள்ள நீரிழிவு, இரத்தக்கொதிப்பு ஆகியவற்றுக்கேற்ப மீட்சியும் வேறுபடும்.

இரண்டாவது, இடம். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது. பெரும்பாலோர்க்கு மொழியின் உறைவிடமும் அதுவே. 1977இல் நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர். அவர்களை 1984 அக்டோபரில் சிறுநீரக நோயோடு பக்கவாதமும் தாக்கியது. அமெரிக்காவில் மருத்துவம் பெற்றுத் திரும்பி, 1985 பிப்ரவரியில் மீண்டும் பதவியேற்றார். நடமாட்டம் மீண்டது, பேச்சுத் தெளிவு முழுமையாக மீளவில்லை. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டருக்கோ 1868இல், தம் 45ஆம் வயதில், உடலின் இடப்பக்கம் முடங்கியது. அம்முடக்கம் முற்றும் நீங்கவில்லை. எனினும் சிந்தனை குன்றாமல் உழைத்து, 1885இல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டார். ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டு, "இவர் முயலவில்லை" என்று பழிப்பது தகுமோ?

மூன்றாவது, காலம். நம் கரிசல் மானாவாரி நிலத்தில் ஈரம் காயுமுன் விதைத்தவர்க்கே விளைச்சல் உண்டு. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தும் நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தத்தக்கது. அதற்கு முன் அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன் எடுத்து அறிதல் வேண்டும். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மதுரை செல்லவே ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஆகவே வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் உடனே 108க்கு அழையுங்கள். விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கலாமாதலின், வாயில் நீரும் ஊற்றற்க. புறாவின் குருதியைத் தடவினால் முடங்கிய கை மீளும் என்பாரும் உளர். அதனால் ஓர் உயிர் போகிறதேயன்றி நோய் தீர்வதில்லை. மருத்துவத்துக்குரிய நேரமும் வீணாகிறது. கொல்லாமை போற்றும் நாம் பிறர்க்கும் இதனை எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நான்காவது, மனப்பான்மை. இந்நோய்க்குப்பின் மனச்சோர்வு பலரைப் பற்றுகிறது. அதுவும் மருத்துவம் வேண்டுவதே. சேதமுறாத மூளைப்பகுதிகள் இழந்த தொழிலைப் பயிற்சியால் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று திங்களில் மீட்சி விரைவு. பின்னரும் அது நின்றுவிடுவதில்லை. அரிச்சுவடி பயிலும் பிள்ளையின் கையைப் பிடித்து ஓரெழுத்தையே நூறு முறை எழுதுவித்த நமக்கு இது புதிதன்று. மெல்லக் கற்கும் பிள்ளையைக் கடிந்தால் கற்றதையும் மறந்துவிடும்.

இங்கேதான் நம் அறம் தேவைப்படுகிறது. பிணியுற்றோர்க்குப் பணிபுரியும் வையாவிருத்தியம் ஆறு அகத்தவங்களுள் ஒன்று. ஔடத தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. நம் பகுதிக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளியின் அறவோர் பெயர்கள் மதுரைச் சமணமலைக் கல்வெட்டுகளில் இன்றும் உள்ளன. அவர்தம் வழியினர் நாம் என்று பெருமை கொள்வது மட்டும் போதாது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைப் பயிற்சியை இல்லத்திற்கே கொண்டுவருகிறது. அதனைக் கேட்டுப் பெறுங்கள். இரவுண்ணா விரதம் உடையோர், மாத்திரை நேரத்தைப் பகலுக்கு மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் வினவுங்கள். தாமாக மாத்திரையை நிறுத்தற்க.

முன்வினையை மாற்றுதல் நம் கையில் இல்லை. நோயுற்றவரைத் தாங்கிப் பத்தடி நடத்துதல் நம் கையில் உள்ளது. இன்று எழாத கை நாளை எழாமற்போயினும், தாங்கிய நம் கையின் அறம் வீணாவதில்லை.

அறம் வளர்க!