அப்பாவின் பாக்கி, பிள்ளையின் தட்டு

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். பள்ளிச் சாப்பாட்டுக்குப் பெற்றோர் பணம் கட்டவில்லை. பல மாதப் பாக்கி. பிள்ளை வரிசையில் வந்து தட்டை நீட்டுகிறது. சாப்பாடு போடலாமா, கூடாதா?

"இதுல என்ன கேள்வி, போட வேண்டியதுதான்"னு உடனே சொல்லத் தோணும். என் பதிலும் அதுதான். ஆனால் அதற்கு அடுத்த கேள்விதான் சிரமம். அப்படின்னா அந்தப் பாக்கியை யார் கட்டுறது? கட்டாத அப்பா அம்மாவுக்குப் பொறுப்பே கிடையாதா? எங்கள் இளைஞர் பிரிவின் வெள்ளிக்கிழமை வகுப்பில் இந்த விவாதம் வந்தபோது ஒரு மணி நேரத்தில் முடியவில்லை. அன்று பேசியதையும், பிறகு தேடிப் படித்ததையும், என் முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்த இடம் அமெரிக்கா. அங்கே தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டம் 1946-இல் சட்டமானது. வறுமைக் கோட்டின் 130 விழுக்காடு வரை வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம். 130-லிருந்து 185 விழுக்காடு வரை என்றால் சலுகை விலை. மதிய உணவுக்கு 40 காசுக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேல் போனால் முழு விலை. பல பள்ளிகளில் பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கு இருக்கும். அப்பா அம்மா அதில் பணம் போட வேண்டும். போடவில்லை என்றால் கடன் ஏறும். அந்தக் கடனை மத்திய அரசு தரும் உணவுப் பணத்தில் கழிக்க முடியாது என்பது விதி. பள்ளி நிர்வாகம் வேறு எங்கிருந்தாவது ஈடுகட்டணும். அதனால் நிர்வாகத்துக்கும் நெருக்கடிதான், அதை மறுக்க முடியாது.

அந்த நெருக்கடியில் என்ன நடந்தது? 2014 ஜனவரியில் சால்ட் லேக் சிட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில், கணக்கில் பணம் இல்லை என்று சுமார் 40 பிள்ளைகளின் தட்டுகளைத் திரும்ப வாங்கினார்கள். ஒருமுறை பரிமாறியதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பதால் அந்தச் சாப்பாடு குப்பைக்குப் போனது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாப்பாடு மிச்சமாகவில்லை, பணமும் வரவில்லை, பிள்ளையும் சாப்பிடவில்லை. மூணுமே நஷ்டம்.

2019-இல் பென்சில்வேனியாவின் வயோமிங் வேலி வெஸ்ட் பள்ளி மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாக்கி வைத்த ஏறக்குறைய 1,000 பெற்றோருக்குக் கடிதம் போனது. பிள்ளையைச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கு அனுப்புவதற்காக நீங்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்படலாம், பிள்ளையை உங்களிடமிருந்து பிரித்து வளர்ப்புக் குடும்பத்தில் விடலாம் என்பதே அதன் சாரம். மொத்தப் பாக்கி சுமார் 22,000 டாலர். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு வீட்டுக்கு 22 டாலர்! ஒரு காப்பி நிறுவனத்தின் தலைவர் முழுத் தொகையையும் தானே கட்டுகிறேன் என்று முன்வந்தபோது, கட்ட வசதி உள்ள பெற்றோர்தான் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி முதலில் மறுத்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டு அந்த உதவியை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த மறுப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கு, அதை நாம் தாண்டிப் போகக் கூடாது. பிள்ளையைப் பெற்றவர் சோறு போட வேண்டும் என்பது நம் மரபில் பேரம் பேச முடியாத கடமை. இல்லறத்தான் தர்மத்தில் அது முதல் வரிசையில் இருக்கிறது. வகுப்பில் ஓர் அண்ணன் இதைத்தான் கேட்டார்: "எங்கப்பா ரெண்டு ஷிஃப்ட் வேலை செஞ்சு எங்க நாலு பேருக்கும் எல்லாக் கட்டணமும் கட்டினாரு. கட்டாதவனுக்குத் தள்ளுபடின்னா, கட்டின எங்கப்பா என்ன முட்டாளா?" நியாயமான கேள்வி. பொறுப்பாக நடப்பவரை ஏமாளி ஆக்கும் எந்த ஏற்பாடும் நீண்ட நாள் நிற்காது.

சரி, பாக்கி வைப்பவர்கள் யார்? ஒரு வகை, உண்மையிலேயே பணம் இல்லாதவர். இரண்டாவது வகை, சலுகைக்குத் தகுதி இருந்தும் படிவம் நிரப்பத் தெரியாதவர், வெட்கப்படுபவர், அல்லது வருமானக் கோட்டைக் கொஞ்சமே தாண்டியதால் எல்லாச் சலுகையும் இழந்தவர். மூன்றாவது வகை, வசதி இருந்தும் அலட்சியமாக விடுபவர். மூன்று பேரின் கணக்கிலும் ஒரே மாதிரிதான் கழித்தல் குறி தெரியும். மதியம் வரிசையில் நூறு பிள்ளை நிற்கும்போது, பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவால் யார் எந்த வகை என்று அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

"பிள்ளையை நிறுத்தினாத்தான் பெத்தவங்களுக்கு உறைக்கும்" என்று இன்னொரு வாதம் வரும். இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் யாருக்கு உறைக்கும்? பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு. அவர்களிடம் பணம் இருந்திருந்தால் ஏற்கெனவே கட்டியிருப்பார்கள். உறைக்காதது யாருக்கு? அந்த மூன்றாவது வகைக்கு. ஆக, குற்றம் குறைந்தவருக்கு அடி அதிகம், குற்றம் அதிகமானவருக்கு அடி குறைவு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இது தலைகீழான தண்டனை.

நான் மின்பொறியியல் படிக்கிறேன். எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. சமையலறை வயரில் கோளாறு என்றால் சமையலறை பிரேக்கர் மட்டும் விழணும். மேல்மாடியில் படிக்கிற தம்பியின் விளக்கு அணையக் கூடாது. கோளாறு ஓரிடத்திலும் இருட்டு இன்னோர் இடத்திலும் இருந்தால், கம்பி இழுத்த முறையே தப்பு. இங்கே கோளாறு பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையே ஓடும் வயரில் இருக்கிறது. துண்டிக்கப்படுவது பிள்ளையின் வயிறு. பிள்ளை அந்தக் கடனை வாங்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை.

அந்த அண்ணனுக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. பாக்கியைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. கட்ட முடிந்தவரிடம் வசூலியுங்கள். போன் செய்யுங்கள், தவணை கொடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் சட்டப்படி போங்கள். எல்லாமே பெரியவர்களுக்குள் நடக்கட்டும். நியூ மெக்சிகோ மாநிலம் 2017-இல் போட்ட சட்டம் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. பாக்கிக்காகப் பிள்ளையின் கையில் முத்திரை குத்தக் கூடாது, வேலை வாங்கக் கூடாது, பரிமாறிய சாப்பாட்டைப் பிடுங்கி எறியக் கூடாது. பேச்சு எல்லாம் பெற்றோரிடம்தான்.

இப்போது நம் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் ஒரு வார்த்தை. "அந்தப் பிள்ளையோட கர்மா, அப்படிப்பட்ட வீட்டுல பொறந்திருக்கு." நண்பர்களே, இந்த இடத்தில் நாம் ஜாக்கிரதையாக இருக்கணும். கர்மா என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று என்னை நிமிர்த்துவதற்கான கொள்கை. அதை எடுத்து அடுத்தவர் தட்டை அளப்பதற்குப் பயன்படுத்தினால், நமக்குக் கிடைப்பது கை கழுவ ஒரு சாக்கு மட்டும்தான். அது அந்தப் பிள்ளையின் கர்மா என்றே வைத்துக்கொள்வோம். பசியோடு ஒரு பிள்ளை எதிரில் நிற்கும்போது நான் என்ன செய்கிறேன் என்பது யாருடைய கர்மா? தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தவம் இருந்து முதலில் பிரம்மம் என்று கண்டுகொள்வதே அன்னத்தைத்தான். அங்கிருந்து மேலே போகிறார் என்றாலும் முதல் படி அதுதான். அப்படிப்பட்ட மரபில் வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தைக் காட்டி அன்னத்தைக் குப்பையில் கொட்ட முடியாது.

அதே சமயம், "நம்ம கோயில் அன்னதானம் மாதிரி யாராவது கொடுத்துட்டாப் போதும்" என்று விடுவதும் சரியில்லை. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் பிலாண்டோ காஸ்டில் என்பவர் பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளராக இருந்தார். பணம் இல்லாத பிள்ளைகளுக்குத் தன் கையிலிருந்து கட்டுவார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். 2016-இல் அவர் ஒரு போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவர் பெயரில் நிதி திரட்டிப் பல பிள்ளைகளின் பாக்கியை அடைத்தார்கள். அவர் செய்தது தர்மம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சம்பளக்காரரின் பாக்கெட்டை நம்பி ஒரு பள்ளி ஓடலாமா? அவர் லீவு எடுத்த நாளில் பிள்ளைக்குப் பசிக்காதா? 2023-இல் அதே மினசோட்டா, பள்ளிச் சாப்பாடு எல்லாருக்கும் இலவசம் என்று சட்டம் போட்டது. தனி மனிதரின் தர்மம் அங்கே பொது ஏற்பாடாக வளர்ந்துவிட்டது.

நம் நாட்டில் 1979 முதல் இருக்கும் ஆர்எம்டி எனும் கூடுதல் உணவுத் திட்டத்தில் வருமானம் குறைந்த குடும்பத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம். அதனால் பாக்கி என்ற பேச்சே அதில் எழாது. பட்டியலில் இல்லாத பிள்ளை சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து வாங்கணும். காசு இல்லையென்றால் கடிதமும் வராது, செய்தியும் வராது. ஓய்வு நேரத்தில் அந்தப் பிள்ளை குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு "எனக்குப் பசிக்கல டீச்சர்" என்று சொல்லும். அங்கே பாக்கி எண்ணாகத் தெரிகிறது. இங்கே எந்தக் கணக்கிலும் பதியாமல் போகிறது.

அப்படியானால் பெற்றோர் பொறுப்பு எங்கே இருக்கிறது? பணம் இருந்தால் கட்டுவது. இல்லையென்றால் வெட்கப்படாமல் பள்ளிக்கு வந்து சொல்வது, படிவத்தை நிரப்புவது, பிள்ளையைத் தூது அனுப்பாமல் இருப்பது. இல்லாமை குற்றம் கிடையாது. வாய் திறந்து கேட்பதும் பெற்றவர் செய்யும் கடமையில் ஒன்றுதான்.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் கிளைக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை போங்க. உதவிப் படிவம் நிரப்பத் தடுமாறும் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்க. பட்டியலில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காகத் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழியாக ஒரு சின்ன நிதி வையுங்க. யாருக்குப் போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. புகைப்படம் வேண்டாம், பேனர் வேண்டாம். எடுத்த காசுக்கு ஒழுங்காகக் கணக்கு மட்டும் வையுங்க.