பெயரை எடுத்த பிறகும்

கடவுளின் பெயரை எடுத்துவிட்டால் ஒரு பக்திப் பாட்டில் எது மிஞ்சும்? தேவாரம் பாடும் வீட்டில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி கோயிலில் வந்ததில்லை. சிக்காகோவில், மில்லெனியம் பூங்காவின் புல்வெளியில், ஜூலை மாத வெக்கையில், ஒரு சோல்-ஃபங்க் குழுவின் கச்சேரிக்கு நடுவே வந்தது.

மேடையில் ஒரு ஹாமண்ட் ஆர்கன் இருந்தது. இதே ஊரில் செய்யப்பட்டு 1935இல் விற்பனைக்கு வந்த கருவி. பைப் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களைத் தேடி விற்றார்கள். கறுப்பின மக்களின் சபைகள் அதைத் தங்கள் குரலாகவே ஆக்கிக்கொண்டன. போதகர் பேசப்பேச அது அடியில் முனகும். அவர் குரல் ஏறினால் கூடவே ஏறும். அன்று மேடையிலும் அதே வேலைதான். காதலன் விட்டுப்போன கதையைப் பாடகி வெறும் பேச்சாகத் தொடங்கினார். ஆர்கன் முனகியது. பேச்சு பாட்டாகி, பாட்டு கதறலாகி, ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் புகுந்தபோது புல்வெளியே எழுந்து நின்றது. அவர் ஒரு வரி பாட, நாங்கள் திருப்பிப் பாடினோம். பஜனை மடத்தில் பாகவதர் எடுத்துக்கொடுக்க ஊரே வாங்கிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பிறகு ஃபங்க். தாளத்தின் முதல் அடியில் எல்லாரும் ஒன்றாக வந்து விழ வேண்டும் என்பது ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவுக்கு வகுத்த சட்டம். நடுவில் கிதார் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த அடிக்குத் திரும்பியாக வேண்டும். அத்தனை பேரின் கால்களும் ஒரே அடியில் தரையில் படும்போது, சைவ சித்தாந்தம் ஆணவ மலம் என்று சொல்கிறதே, அதன் பிடி சற்றே தளர்வதை உடம்பே சொல்லிவிடுகிறது. மலம் கழன்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தளர்ந்தது.

துதிப்பாட்டின் மெட்டும் குரலும் காதல் பாட்டுக்குப் போய்ச் சோல் இசை பிறந்த காலத்தில் சபை மக்கள் அதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதே சிக்காகோவில் போதகர் மகனாக வளர்ந்த சாம் குக், சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் காஸ்பல் என்னும் துதியிசை பாடிப் பெயர் பெற்றவர். 1956இல் தாம் பாடிய துதிப்பாடல் ஒன்றின் மெட்டை வைத்துக்கொண்டு, இறைவன் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பதிவுசெய்தார். சபையின் கோபத்துக்கு அஞ்சி, டேல் குக் என்ற பெயரில் வந்தது அந்த இசைத்தட்டு. குரலை மறைக்க முடியுமா? கேட்டவர்கள் கண்டுகொண்டார்கள்.

அவருக்கு முன்பே எதிர்த்திசையில் ஒருவர் வந்திருந்தார். தாமஸ் டோர்சி, ப்ளூஸ் பாடகி மா ரெய்னியோடு வாசித்தவர். அந்த நடையைத் துதிப்பாடலுக்குள் கொண்டுவந்தார். சாத்தானின் இசை என்று பல தேவாலயங்கள் முதலில் கதவை அடைத்தன. இன்று அவரைக் காஸ்பல் இசையின் தந்தை என்கிறார்கள்.

டோர்சி வந்த வழி தமிழருக்குப் பழகிய வழி. மாணிக்கவாசகர் திருக்கோவையாரின் 400 பாடல்களிலும் அகத்துறைகளை எடுத்துக்கொண்டு, தில்லைக் கூத்தனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்தார். நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாகி உருகினார். காதலின் மொழி கடவுளிடம் போனதை நாம் உயர்வு என்று கொண்டாடுகிறோம். அது காதலிடம் திரும்பிவந்தால் மட்டும் எப்படி வீழ்ச்சியாகும்? வந்த வழியிலேயே திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு கறுப்பின மூதாட்டி என்னை வேறொரு இடத்துக்குத் தள்ளிவிட்டார். கண்மூடி, ஒரு கையை உயர்த்தி நின்றவர் அவர். பாட்டு முடிந்ததும், “உங்கள் தேவாலயத்தில் இருப்பதுபோலவே இருக்கிறதா அம்மா?” என்று கேட்டேன்.

“பாட்டு அதேதான். ஆனால் அங்கே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகாவிட்டால், திங்களன்று யாராவது வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.”

அந்தப் பதிலைப் பல நாள் யோசித்தேன். பெயரை எடுத்தாலும் உருக்கம் மிஞ்சுகிறது. அந்த ஆர்கனும் கதறலும் தாளமும் அதற்குச் சாட்சி. கூட்டம் கலைந்ததும் கலைந்துபோவது அடியார் கூட்டம் என்கிற உறவு. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களை ஒவ்வொருவராகப் பாடி, அவர்களுக்குத் தாம் அடியேன் என்றாரே, அந்த உறவு. புல்வெளியில் என்னோடு பாடியவர் எவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. நோயில் விழுந்தால் அவர்களில் யார் வருவார்கள்? நான்தான் யாரிடம் போவேன்?

ஆகவே மேடைக்கு வந்த பிறகும் அந்தப் பொறுப்பைக் கீழே வைக்காதவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. பதிகம் பாடிய அப்பரின் கையில் உழவாரமும் இருந்தது. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். சிக்காகோவின் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பம் 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கின் கூட்டங்களில் பாடியது. 1972இல் அவர்கள் பாட்டு அமெரிக்கப் பாப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தபோதும் கேட்பவரை எங்கோ கூட்டிச்செல்கிற, துணைக்கு வருகிற பாட்டாகவே இருந்தது. அவர்களுடைய சில பாடல்களில் கடவுளின் பெயர் வராது. சைவப் பெண்ணான எனக்கு அது குறையாகப் படவில்லை.