மதுவும் கஞ்சாவும்: மூடப்படும் அறிவு

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.



சில மாதங்களுக்கு முன் இஷா முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தகப்பனார் ஹவ்ளு ஓரத்தில் நின்றார். "ஹள்ரத், பையன் சரக்கோடு கஞ்சாவும் இழுக்கிறான். வெளியே தெரிந்தால் அவன் தங்கச்சிக்குச் சம்பந்தம் வராது" என்று அழுதார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். யாரென்று தேடாதீர்கள். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இளைஞர்களுக்கு. "மது ஹராம், சரி. கஞ்சா குர்ஆனில் இல்லையே, செடிதானே?" என்கிறீர்கள். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கம் தந்தார்கள்: அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ர் (புகாரி). தலையை மறைக்கும் 'கிமார்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். பிற்காலத்தில் முஸ்லிம் நாடுகளில் ஹஷீஷ் என்ற பெயரில் இதே கஞ்சா பரவியபோது உலமாக்கள் பெயரைப் பார்க்கவில்லை, விளைவைப் பார்த்தார்கள். இப்னு தைமிய்யா (ரஹ்) ஹராம் என்று ஃபத்வா தந்தார்கள். இமாம் ஸர்கஷீ (ரஹ்) இதற்கென்று தனி நூலே எழுதினார்கள். "ஒரு பீர்தானே?" என்பவருக்கும் பதில் உண்டு. அதிகமானால் போதை தருவதில் சிறிதளவும் ஹராம் என்பது நபிமொழி (அபூதாவூத், திர்மிதீ).

இரண்டும் சேர்ந்தால் கேடு பெருகுகிறது. மது உள்ளே இருக்கும்போது கஞ்சாவின் போதைப்பொருள் இரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறுகிறது. மது அளவு மீறினால் உடல் வாந்தியாக வெளியே தள்ளப் பார்க்கும். கஞ்சா அந்த வாந்தியையே அடக்கக்கூடியது. அந்த நிலையில் பைக் எடுப்பவன் தன்னை மட்டுமா ஆபத்தில் தள்ளுகிறான்? எதிரே வருபவனையும் தள்ளுகிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போதை விற்பவன் எதைக் கலந்தான் என்று வாங்குபவனுக்குத் தெரியாது. பொட்டலமும் அப்படித்தான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, சிறிதளவு கஞ்சா வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு.

இனி பெற்றோருக்கும் ஜமாஅத்தாருக்கும். குடித்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். தண்டனை கொடுக்கப்பட்டது. ஆனால் ஒருவர் அவரைச் சபித்தபோது, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி). தப்பைத் தப்பு என்று சொல்லுங்கள். பள்ளிவாசல் படியிலிருந்து விரட்டாதீர்கள். நாம் விரட்டினால் அவனை வரவேற்க வேறு கூட்டம் காத்திருக்கிறது.

நம் ஆரணியில் தறி தெரியாதவர் இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, உடனே முடிச்சுப் போடுகிறார். வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டே நெய்தால் சேலை முழுக்கக் குறை ஓடும். அந்தத் தகப்பனார் ஒன்றரை வருடம் மறைத்தார்.

போதை அடிமைத்தனம் பாவம், அதோடு நோயும்கூட. நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத். தினமும் அதிகம் குடிப்பவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே அறையில் பூட்டி வைக்காதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

இளைஞர்களே! மது தடுக்கப்பட்ட அன்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் உங்களைப் போன்ற ஓர் இளவயதுக்காரர், அனஸ் (ரலி). அறிவிப்பு காதில் விழுந்தது. கொட்டச் சொன்னார்கள், கொட்டினார். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. கடைசியாக ஒரு கிண்ணம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தகப்பனார் மகனை மருத்துவரிடம் அழைத்துப் போனார். பையன் இரண்டு முறை விட்டு, ஒரு முறை திரும்பவும் விழுந்தான். இப்போது மறுபடி சிகிச்சையில் இருக்கிறான். தனக்குத் தானே தீங்கிழைத்துக்கொண்டவரும் அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறது குர்ஆன் (39:53). அவனுக்காகவும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் துஆ செய்யுங்கள். யாருடைய பிள்ளை இந்த நிலையில் இருந்தாலும் இன்றே வாயைத் திறந்து பேசுங்கள். என் அறைக் கதவு திறந்தே இருக்கும்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.