ஈலீசியத்தின் ஓரத்தில் ஒரு தேவாலயம்

அழகும் அறமும் ஒன்றா, வெவ்வேறா என்பது மெய்யியலில் மிகப் பழைய கேள்வி. அக்கேள்வி ஏட்டில் நின்றுவிடாமல் கல்லும் நீரும் புல்வெளியுமாகக் கண்முன் விரிந்து கிடக்கும் இடங்களோ மிகச் சில. இங்கிலாந்தில் பக்கிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோ மாளிகையும் அதன் தோட்டமும் அச்சிலவற்றுள் ஒன்று. இத்தகைய நாட்டுப்புற மாளிகை அரசனின் அரண்மனை அன்று. சுற்றிலும் உள்ள பண்ணை நிலங்களின் குத்தகை வருவாயில் வாழ்ந்த பிரபுக் குடும்பம் ஒன்றின் இல்லமாகவும் அதன் செல்வாக்கின் அடையாளமாகவும் அது விளங்கியது. ஸ்டோவின் உரிமையாளர்களான டெம்பிள் குடும்பத்தார் 16ஆம் நூற்றாண்டில் செம்மறி வளர்ப்பில் பொருள் ஈட்டி அந்நிலத்தைத் தமதாக்கிக்கொண்டவர்கள். அவர்கள் வழிவந்த கோபம் பிரபு ரிச்சர்ட் டெம்பிள் (1675–1749) ஆங்கிலத் தளபதி மார்ல்பரோவின் கீழ்ப் போரிட்ட படைத்தலைவர். லண்டனில் மதுவடிசாலை நடத்திய செல்வர் ஒருவரின் மகளை மணந்தவர். வாழ்நாளின் பிற்பகுதியை அவர் ஸ்டோ தோட்டத்திற்கே செலவிட்டார்.

குடும்பப் பெயரான 'டெம்பிள்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'கோயில்' என்று பொருள். குடும்பத்தின் குறிக்கோள் வாசகமும் அப்பெயரை ஒட்டியே அமைந்தது. இறைவனின் உறைவிடங்கள் எவ்வளவு இனியவை என்று ஏங்கித் தொடங்கும் 84ஆம் சங்கீதத்தின் முதல் அடியிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஆனால் லத்தீன் விவிலியம் 'கூடாரங்கள்' என்னும் பொருளுள்ள சொல்லை ஆளும் இடத்தில், குடும்ப வாசகம் 'கோயில்கள்' என்னும் சொல்லை வைத்தது. கோபம் பிரபு இந்தச் சொல்லொப்புமையை மண்ணின்மேல் எழுதிக் காட்டினார். தோட்டமெங்கும் கிரேக்க, ரோமானிய வடிவில் கோயில்கள் எழுந்தன. அவற்றில் எத்தெய்வத்திற்கும் பூசை நடக்கவில்லை. ஆயினும் அவை வெறும் அலங்காரம் என்று கொள்வதற்கில்லை.

1730களில் வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பகுதிக்கு 'ஈலீசிய வயல்கள்' என்று பெயர். ஈலீசியம் என்பது பழைய கிரேக்க, ரோமானிய நம்பிக்கையில் நல்லோரின் உயிர்கள் இறப்புக்குப்பின் சென்று தங்கும் இன்ப நிலம். அங்கே நீரோடைக்கு ஒரு புறம் மேட்டில் 'தொன்மை அறத்தின் கோயில்' வட்ட வடிவில் நிற்கிறது. உள்ளே லைகர்கஸ், சாக்ரட்டீஸ், ஹோமர், எபமினோண்டஸ் ஆகிய நான்கு கிரேக்கர்களின் சிலைகள். அதன் அருகிலேயே 'இன்றைய அறத்தின் கோயில்' என்ற பெயரில், இடிந்த கட்டடம் ஒன்று வேண்டுமென்றே இடிபாடாகவே கட்டப்பட்டது. அங்கு நின்ற தலையற்ற உருவம் அக்காலத் தலைமை அமைச்சர் ராபர்ட் வால்போலைக் குறித்தது என்பது பொதுவான கருத்து. மதுவுக்கும் புகையிலைக்கும் வால்போல் கொண்டுவர முயன்ற வரியை 1733இல் எதிர்த்ததால் கோபம் தம் படைப்பிரிவுப் பதவியை இழந்திருந்தார். ஓடையின் மறுகரையில் 'பிரிட்டனின் சான்றோர் கோயில்'. வளைந்த சுவரில் பதினாறு மாடங்கள். நியூட்டன், லாக், மில்டன், ஷேக்ஸ்பியர் முதலிய சிந்தனையாளரும் படைப்பாளரும் ஒருபுறம், ஆல்ஃபிரட் மன்னர், முதலாம் எலிசபெத், மன்னரின் தன்னிச்சையான வரியை மறுத்து நின்ற ஜான் ஹாம்ப்டன் முதலிய செயல்வீரர் மறுபுறம். அக்கரையில் முன்னோரின் அறம், இக்கரையில் அதைக் கைக்கொண்ட மக்கள், இடையில் அவர்களது உருவம் நிழலாடும் நீர் என்று அந்த இடம் முழுவதும் ஒரு வாதமாகவே அமைந்திருக்கிறது.

அந்த வாதத்தின் சமய உள்ளடக்கம் கவனமாகப் படிக்கத் தக்கது. சான்றோர் கோயிலில் வர்ஜிலின் ஈனியட் காவியத்தின் ஆறாம் பகுதியிலிருந்து, ஈலீசியத்தில் இடம்பெற்றோரைப் பட்டியலிடும் அடிகள் பொறிக்கப்பட்டன. தாய்நாட்டிற்காகப் போரிட்டுப் புண்பட்டோர், தூய கவிஞர், கலைகளால் வாழ்வை வளப்படுத்தியோர் ஆகியோர் அவ்வடிகளில் வருகிறார்கள். ஆனால் மூலத்தில் உள்ள ஓர் அடி, வாழ்நாளெல்லாம் தூய்மை காத்த பூசாரிகளைக் குறிக்கும் அடி, இங்கே விடப்பட்டிருக்கிறது. இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் என்று கருத இடமில்லை. குருமாரின் இடையீடு இல்லாமல், நாட்டிற்கு ஆற்றிய தொண்டினாலேயே மனிதன் மேல்நிலை அடையலாம் என்பது அந்தச் சுவர் சொல்லும் கொள்கை. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளுள் பதினோராவது இதற்கு நேர்மாறானது. மனிதன் தன் செயல்களின் தகுதியால் அன்றிக் கிறிஸ்துவின்மீது கொண்ட விசுவாசத்தினாலேயே இறைவன்முன் நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்று அது கூறுகிறது. செயலால் மீட்பா, அருளால் மீட்பா என்னும் வழக்கில், ஸ்டோ தோட்டம் தயக்கமின்றிச் செயலின் பக்கம் நின்றது.

இவ்வழக்கு அங்கே ஏட்டளவானதன்று. ஈலீசிய வயல்களின் ஓரத்தில், அடர்ந்த மரங்களுக்கு நடுவே, இடைக்காலத்தைச் சேர்ந்த ஸ்டோவின் புனித மரியாள் ஆலயம் இன்றும் நிற்கிறது. அது ஒரு கிராமத்தின் ஆலயம், கிராமந்தான் இல்லை. தோட்டம் விரிய விரிய ஸ்டோ கிராமத்தின் வீடுகள் அகற்றப்பட்டன. குடிகள் டாட்ஃபர்ட் போன்ற அண்டை ஊர்களுக்குப் போயினர். ஆலயத்தை மட்டும் இடிக்கவில்லை. கோயில்களின் காட்சியில் அது குறுக்கிடாதபடி மரங்களால் மறைத்தனர். பூசாரிகளின் அடி விடுபட்ட சுவருக்குச் சில நூறு அடி தொலைவில், உயிர்த்தெழுதலை எதிர்நோக்கி அடக்கம் செய்யப்பட்ட கிராமத்தாரின் கல்லறைகள் இருக்கின்றன. ஓர் ஈலீசியத்திற்குள் நுழைய வேறொரு மறுமை நம்பிக்கையின் வாசலைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பது இந்தத் தோட்டத்தின் மிக ஆழமான செய்தி. அதைக் கட்டியவர்கள் சொல்ல நினைத்த செய்தி அது அன்று.

மறைத்தல் என்பது இங்கே ஒரு கலையாகவே வளர்ந்தது. சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் என்னும் தோட்டக் கலைஞர் ஸ்டோவின் எல்லையில் 'ஹா-ஹா' எனப்படும் அகழியை அமைத்தார். ஒரு பக்கம் செங்குத்துச் சுவரும் மறுபக்கம் சரிவும் கொண்ட இப்பள்ளம், மாளிகையின் பக்கமிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தோட்டமும் அதற்கப்பாலுள்ள மேய்ச்சல் நிலமும் தொடர்ச்சியாகத் தோன்றும். கால்நடைகள் கண்ணுக்கு விருந்தாகும், ஆனால் உள்ளே வரமாட்டா. எல்லை இருந்தது, எல்லை இருப்பதாகத் தோன்றவில்லை. இயற்கையோடு இசைந்தது என்று ஆங்கிலத் தோட்டம் பெற்ற புகழுக்கு இந்த உத்தி பெரிதும் காரணம். நில உரிமை என்னும் கடினமான கோடு நிலத்தில் இருந்தபடியே பார்வையிலிருந்து மறைந்ததற்கும் அதுவே காரணம்.

இனி மெய்யியல் கேள்விக்கு வரலாம். ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், 1790இல் வெளிவந்த 'தீர்ப்புத்திறன் பற்றிய விமரிசனம்' என்னும் நூலில் ஒரு மாளிகையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். கண்முன் உள்ள மாளிகை அழகானதா என்று கேட்கப்படுபவர், தேவையற்ற பொருள்களுக்காக மக்களின் வியர்வையைச் செலவிடும் பெரியோரின் தற்பெருமையை ரூசோவைப் போலக் கண்டிக்கலாம்; அக்கண்டனம் சரியானதாகவும் இருக்கலாம்; ஆனால் அது கேட்ட கேள்விக்கு விடையாகாது என்கிறார் கான்ட். ஏனெனில் அழகு பற்றிய தீர்ப்பு பற்றற்றது. அதாவது, அப்பொருளை அடைய வேண்டும், பயன்படுத்த வேண்டும், அது இருந்தாக வேண்டும் என்ற எவ்வித நாட்டமும் இன்றி, அதன் தோற்றத்தைக் கண்ட அளவில் எழும் மகிழ்ச்சி.

இவ்வாதம் வலிமையானது, ஒரு வகையில் விடுதலை தருவதுங்கூட. அழகைக் கண்டு மகிழ்வதற்கு வரலாற்றின் அனுமதியை ஒவ்வொரு முறையும் பெற வேண்டியதில்லை என்று அது பார்ப்பவரை விடுவிக்கிறது. மாலை வெயில் ஸ்டோவின் நீர்ப்பரப்பில் படியும்போது எழும் மகிழ்ச்சி பொய்யானதன்று. அதைக் குற்றம் என்று சொல்வது பார்வையையே பழிப்பதாகும். ஆனால் கான்டின் விலக்கு ஸ்டோவுக்கு முழுவதும் பொருந்தாது. ஒரு மலரோ கடற்சிப்பியோ தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, ஸ்டோ சொல்கிறது. அறம் என்ற சொல்லைத் தன் கோயில்களின் பெயரிலேயே தாங்கி, எது அறம், எது அறமன்று என்று நிழலும் நீருமாக வாதிட்டு, பார்வையாளரின் ஒப்புதலைக் கேட்கிறது. கோபம் 1717இலேயே வருவோர் தங்குவதற்கு ஒரு விடுதி கட்டினார். 1744இல் பெண்டன் சீலி என்னும் புத்தக வணிகர் இத்தோட்டத்திற்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். இவ்வாறு பொதுமக்கள்முன் வைக்கப்பட்ட ஒரு கூற்றை அறத்தின் அளவுகோலால் அளப்பது வெளியிலிருந்து திணிக்கும் கடுமையாகாது. அத்தோட்டம் தானே நீட்டிய அளவுகோல் அது.

அந்த அளவுகோலை முதலில் வால்போலிடம் வைத்துப் பார்க்கலாம். நார்ஃபக் பகுதியில் தம் ஹோட்டன் மாளிகையைச் சுற்றிப் பூங்கா அமைப்பதற்காக வால்போல் பழைய கிராமத்தை அகற்றி, 1729 முதல் பூங்காவின் வாயிலுக்கு வெளியே புதிய வீடுகளைக் கட்டி மக்களைக் குடியேற்றினார். அங்கும் ஆலயம் மட்டும் பூங்காவுக்குள் தனித்து நின்றது. தொன்மை அறத்தைப் போற்றியவரும், இன்றைய அறத்தின் இடிபாட்டுக்கு இலக்கானவரும், தம் காலடியில் வாழ்ந்த குடிகள் விஷயத்தில் ஒரே செயலைச் செய்தனர். எதிரிகளாகிய இருவரும் தமக்குள் எழுப்பிக்கொள்ளாத ஒரு கேள்வி இருந்தது என்பதையே இது காட்டுகிறது. சட்டப்படி இருவரும் தவறிழைக்கவில்லை, நிலம் அவர்களுடையது.

நிலம் அவர்களுடையது என்னும்போதே, சான்றோர் மாடத்தில் அமர்ந்திருக்கும் ஜான் லாக் பேச்சுக்குள் வந்துவிடுகிறார். பொதுவாகக் கிடந்த நிலத்தோடு தன் உழைப்பைக் கலப்பவனுக்கு அது உரியதாகிறது. ஆனால் பிறர்க்குப் போதுமானதும் அதே அளவு நல்லதும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நிபந்தனை. தலைமுறைகளாக அம்மண்ணை உழுதவர்களின் பக்கம் இக்கோட்பாடு சாயும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆயினும் அக்கோட்பாட்டை வகுத்த அதே நூலில், வேலையாள் வெட்டிய புல்தரை எசமானனின் உடைமை என்றும் லாக் எழுதினார். உழைப்பையே உரிமையின் ஊற்றாகக் கண்ட மெய்யியலே, யாருடைய உழைப்பு என்ற இடத்தில் வழுக்கியது. அவரது உருவச்சிலையைச் செதுக்குவித்தவர் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டவர் அல்லர்.

கான்டுக்கு முன்பே வேறொரு வழியைக் காட்டியவர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. அழகும் நன்மையும் ஒன்றே என்று நம்பிய அவர், 1709இல் வெளிவந்த 'தி மாரலிஸ்ட்ஸ்' என்னும் உரையாடல் நூலில், உடைமைக்கும் சுவைப்புக்கும் தொடர்பில்லை என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். வெனிஸ் குடியரசின் தலைவர் ஆண்டுதோறும் அலங்காரப் படகில் சென்று கடலை மணந்துகொள்வது அந்நாட்டு வழக்கமாக இருந்தது. அவரைவிட, பாறை முனையில் கிடந்து ஆடுகளையும் மறந்து கடலழகைப் பார்த்திருக்கும் ஏழை இடையனே கடலை உண்மையில் பெற்றவன் என்கிறார். ஸ்டோவின் பின்வரலாறு இக்கருத்துக்கு ஒரு வகையில் சான்றாகிவிட்டது. கோபத்தின் வாரிசுகள் பக்கிங்ஹாம் கோமகன்களாக உயர்ந்து, கடனில் மூழ்கினர். 1848இல் மாளிகையின் பொருள்கள் நாற்பது நாள்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1923இல் மாளிகை ஒரு பள்ளியாயிற்று. 1989இல் தோட்டம் பழம்பெரும் இடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளையிடம் வந்தது. உடைமையாளர் போயினர், இன்று நுழைவுச்சீட்டு வாங்கி வருபவர் எவரும் ஷாஃப்ட்ஸ்பரியின் இடையனே.

ஆனாலும் அந்த எடுத்துக்காட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. இடையன் கிடக்கும் பாறை அவனுக்கு மறுக்கப்படாமல் இருந்தால்தான் அவன் கடலைப் பார்க்க முடியும். ஸ்டோவின் குடிகளுக்கு இல்லாமற்போனது அந்தப் பாறைதான். சுவைப்பதற்கு உடைமை தேவையில்லை என்பது மெய்யே. ஆனால் நிற்பதற்கு ஓரிடம் வேண்டும். அழகையும் நன்மையையும் ஒன்றாக்கிய ஷாஃப்ட்ஸ்பரியும், இரண்டையும் பிரித்த கான்டும் இவ்விடத்தை எண்ணியதாகத் தெரியவில்லை. டெம்பிள் குடும்பம் தன் வாசகத்தை எடுத்துக்கொண்ட சங்கீதமோ எண்ணியிருக்கிறது. இறைவனின் உறைவிடத்தைப் பாடத் தொடங்கியவுடனே அது சிட்டுக்குருவிக்கு ஒரு வீடும், தகைவிலானுக்குக் குஞ்சு பொரிக்க ஒரு கூடும் பலிபீடத்தின் அருகே கிடைத்ததைப் பேசுகிறது. கோயிலின் இனிமை என்பது அங்கே சிறிய உயிர்க்கும் தங்க இடம் கிடைப்பதுதான் என்று அப்பாடல் கொள்கிறது. குடும்ப வாசகம் முதல் அடியோடு நின்றது; குருவி மூன்றாம் அடியில் வருகிறது.

இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் சங்கீதங்கள் நூற்றைம்பதையும் மாதத்தின் நாள்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. அந்த ஒழுங்குப்படி, மரங்களுக்குள் நிற்கும் புனித மரியாள் ஆலயத்துக்கும் ஏனைய ஆலயங்களுக்கும் 84ஆம் சங்கீதம் உரிய வேளை ஒவ்வொரு மாதமும் 16ஆம் நாளின் மாலை.