புண்ணியமா, சோலியா?

புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விலைபேசுகிற ஆள் இல்லை ஆய் அண்டிரன் என்கிறார். ஆய் பொதிகைமலைத் தலைவன். அவன் ஊர் ஆய்குடி. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஆய்க்குடிதான் அது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புலவர் பெயரில் உள்ள ‘முடம்’ கால் ஊனத்தைக் குறிக்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு. கால் நடக்காத ஒருவர் உறையூரிலிருந்து இந்த மலையடிவாரத்துக்கு வந்து, வாங்கிக்கொண்ட இடத்தில் நின்று, கொடுத்தவனைப் பற்றி இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்றைக்கு ஆய்க்குடி என்றால் அமர் சேவா சங்கம். 1975இல் பெங்களூருவில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் சொந்த ஊரில் தொடங்கியது. தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் வந்து தோள்கொடுத்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தச் சங்கத்துக்கு உதவவென்றே கனடாவில் ஹேண்டி-கேர் இன்டர்நேஷனல் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கிருந்து மறுவாழ்வுச் சிகிச்சை படித்தவர்கள் வருகிறார்கள், கற்றுக்கொடுக்கிறார்கள், கற்றுக்கொள்கிறார்கள், போகிறார்கள். அந்த அனுபவம் அவர்கள் பயோடேட்டாவில் ஒரு வரியாக ஏறும். ஏறாமல் இருக்குமா?

என் தம்பி மகள் ஆக்குபேஷனல் தெரபி படித்தவள். கென்யாவில் ஒரு வருஷம் தன்னார்வலராகப் போக விண்ணப்பம் போட்டுவிட்டு இலஞ்சியில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். “அத்தை, உண்மையச் சொல்லணும்னா ஊரு பாக்கணும்னு ஆசையும் இருக்கு, திரும்பி வந்தா நல்ல வேலை கெடைக்கும்னு கணக்கும் இருக்கு. அப்ப இது புண்ணியமா, சோலியா?” என்று கேட்டாள். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பலனில் பற்று வைக்காதே என்ற கீதையை உடனே எடுத்துவிட்டிருக்கலாம். வாயில் வரவில்லை.

குற்றாலத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் விநோதமாகவே படும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார் வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். பேரருவியில் தலையைக் கொடுத்து அரைமணி நேரம் கூச்சல் போட்டுக் குளிக்கிறார்கள், ஈரத்தோடு குற்றாலநாதரைக் கும்பிடுகிறார்கள், நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகிறார்கள். குளித்தது பக்திக்கா சுகத்துக்கா என்று இதுவரை எந்தக் குருசாமியும் விசாரித்ததாகத் தெரியவில்லை. அகத்தியரையே எடுத்துக்கொள்ளுங்கள். கயிலையில் கல்யாணக் கூட்டத்தால் தாழ்ந்துபோன பூமியைச் சமன்செய்யத்தான் அவரைத் தெற்கே அனுப்பினார்கள். வந்த இடத்தில் கல்யாணக் காட்சியும் கிடைத்தது, தமிழ் முனிவர் என்ற பேரும் கிடைத்தது. (குற்றாலத்தில் பெருமாளாக இருந்தவரின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கியதும் அவர்தான் என்கிறது தலபுராணம். வெளியூரிலிருந்து சேவைக்கு வருகிறவர்கள் ஊரைத் தங்கள் வசதிக்கு மாற்றிவிட்டுப் போகிற வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது!)

வள்ளுவரும் இதில் அவ்வளவு கறாரில்லை. ஒப்புரவு அதிகாரத்தை மழையில் தொடங்கி, கைம்மாறு கருதாமல் செய் என்கிறார். அதற்கடுத்து ஈகை. ஈகைக்கு அடுத்து வைத்திருப்பது புகழ். கொடுத்தவனுக்கு ஒன்றுமே மிஞ்சக்கூடாது என்பது அவர் கட்சி என்றால் அந்த அதிகாரத்துக்கு அங்கே என்ன வேலை?

ஓய்வுபெற்ற பிறகு, வெளிநாட்டிலிருந்து வருகிற தெரபிஸ்டுகளோடு மொழிபெயர்ப்புக்குப் போவது எனக்குப் பழக்கம். சுரண்டைப் பக்கம் ஒரு வீடு. நான்கு வயதுப் பையன், பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு, கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்திருக்கும். அம்மா சுவரில் சாய்ந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கூட வந்த பெண் படித்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள்: பையனை மூலையில் சாய்த்து உட்கார வையுங்கள், காலை அகற்றிப் பிடியுங்கள், தினமும் ஒரு மணி நேரம். நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா இலையை வெட்டுவதை நிறுத்தவில்லை. “ஒரு மணி நேரம்னா நூறு பீடி போயிரும்மா. ஆயிரம் சுத்துனாத்தான் கூலி” என்றார்.

இதை நான் மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, பீடி சுற்றுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிழிந்த பாய் ஒன்றையும் பழைய சேலைகளையும் கேட்டு வாங்கி, திண்டு போல இறுக்கிச் சுருட்டிக் கட்டினாள். பையனை அதன்மேல் குதிரை ஏற்றுவது போல உட்காரவைத்தாள். கால் தானே அகன்றது. முதுகுக்கு, வீட்டிலிருந்த அம்மாச்சியின் கை. புகையிலைத் தூள் பறக்காத தூரத்தில், அம்மாவைப் பார்த்த மாதிரி. நூல் தீர்ந்த கண்டுகளை இரண்டு கையாலும் எடுத்துப் பால்பவுடர் டப்பாவில் போடுவது அவன் வேலை. அம்மா கை நிற்கவே இல்லை, ‘போடுலே ராசா, இன்னொண்ணு’ என்று வாய் மட்டும் வேலை செய்தது.

அவள் ஊருக்குத் திரும்பியதும் இதை ஒரு கருத்தரங்கில் கட்டுரையாக வாசித்தாள், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் கிடைத்தது. எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது, ஏழை வீட்டுத் திண்டில் ஏறி மேலே போய்விட்டாளே என்று. பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனபோது பையன் திண்டில்லாமல் உட்கார்ந்திருந்தான். “அந்தப் பிள்ளைக்குச் சோலி கெடச்சுதாம்மா?” என்று அவன் அம்மா கேட்டார். கிடைத்தது, உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லித்தான் கிடைத்தது என்றேன். அவர் முகத்தில் வந்த பெருமிதத்தை என்னவென்று சொல்ல? “நம்ம வீட்டுலயும் ஒருத்தருக்குக் குடுக்க ஒண்ணு இருந்திருக்கு பாருங்க” என்றார்.

எனக்கு விஷயம் திரும்பியது அந்த இடத்தில்தான். ஒன்றுமே வாங்கிக்கொள்ளாத தொண்டன் எதிரில் இருப்பவரைக் கடனாளியாகவே வைத்திருக்கிறான். அவனுக்குப் புண்ணியம், இவர்களுக்கு நன்றி சொல்லும் வேலை. எனக்கும் உன்னிடமிருந்து கிடைத்தது என்று அவன் வாய்விட்டு ஒப்புக்கொண்டால் இருவரும் ஒரே பாயில் உட்காரலாம். ஆயும் முடமோசியாரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவன் கொடுத்தது என்றைக்கோ செலவாகிவிட்டது, இவர் கொடுத்த பாட்டு இன்னும் செலவாகவில்லை.

பற்றைத் துற என்று கீதை சொல்வதை நான் இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன். பலன் வரும், வரட்டும். பலனுக்குத் தோதாக வேலையைத் தேர்ந்தெடுத்தால்தான் வம்பு. இரண்டு வாரச் சுற்றுலாவில் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடித்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். வெள்ளையடிக்க எங்கள் ஊரில் ஆளா இல்லை? அன்றைக்கு ஒரு பெயிண்டருக்குக் கூலி போனதுதான் மிச்சம்.

வேலூரில் பால் பிராண்ட் செய்தது இதற்கு நேர்மாறு. கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் சி.எம்.சி.க்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால்தான் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, நோயாளிகளின் கையைப் பிடித்துப் பார்த்துக் கற்றார். இரவில் தூங்கும்போது எலி கடித்தால்கூட அவர்களுக்குத் தெரியாது என்று பூனை வளர்க்கச் சொன்னார். தசைநாண்களை இடம் மாற்றிவைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். உலகப் புகழ் வந்தது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்துப்போன பாதங்களுக்கும் பயன்பட்டது. அவருடைய தொழில் வளர்ச்சியில் நம் நோயாளிகளுக்குப் பங்கு இருக்கிறது. அவரும் அதை மறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்து, மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் இன்னொரு படி மேலே. மதம் பரப்பும் எண்ணம் அவருக்கு உண்டு, ஆகவே சுத்தமான மனசு என்று யாரும் சான்றிதழ் தரமுடியாது. ஆனால் 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், உடற்கூறும் அறுவையும் பிரசவமும் தமிழ்ப் புத்தகங்களாயின. 1873இல் அவர் கப்பல் ஏறியபோது, அவரிடம் படித்த அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் இருந்தார்கள். உள்நோக்கம் அவரோடு போய்விட்டது, வைத்தியம் அங்கேயே நின்றுவிட்டது.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனும் கல்வெட்டில் இதே மாதிரி ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறான். பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர் காலில் இப்போதே விழுகிறேன் என்கிறான். என் சின்ன வயதில் அது மொட்டைக் கோபுரம். 1990இல் கோபுரம் மறுபடி எழுந்தது. பேருக்குச் செய்தாயா, பக்திக்குச் செய்தாயா என்ற கேள்வி அந்த ராஜாவின் கல்வெட்டில் இல்லை, திருத்தத் தெரிந்த ஆள் வந்தால் போதும் என்று இருந்திருக்கிறது.

என் நாத்தனாருக்கு இதெல்லாம் எடுபடவில்லை. “கடையநல்லூர்ல இல்லாத பிள்ளையளா? கென்யாவுக்கு எதுக்குப் போணும்?” என்கிறாள். பாதி நியாயம்தான். பதில் பாதியை மருமகளே தேடட்டும் என்று விட்டுவிட்டேன். அவளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: கூப்பிடுகிறவர்களிடம், நீ போன பிறகு உன் வேலையை யார் செய்வார்கள் என்று கேட்டு எழுது. பதில் வந்தது. அந்த ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேரை அவளோடு சேர்த்துப் பழக்கப் போகிறார்களாம். மாதப்படி கொஞ்சம் தருவார்களாம், தங்க இடமும் உண்டாம். “அப்ப விடுமுறைக்கு ஊரு சுத்திப் பாத்துட்டு வா, அதுல பாவம் ஒண்ணும் இல்ல” என்றேன். இப்போது சுவாஹிலி படித்துக்கொண்டிருக்கிறாள், ‘வலிக்குதா’ என்ற சொல்லிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.